காமிக்ஸ் ஓவியரோட வாழ்க்கையை காமிக்ஸாவே வரையிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்த ஒரு பெரியவர், சிறுவர் பத்திரிகைகளுக்கு படக்கதை வரைஞ்சவர், அவரோட வாழ்க்கையை 64 பக்க புத்தகமா வரைஞ்சு முடிக்க எனக்கு ரெண்டரை வருஷம் ஆச்சு. குடும்பத்துல கேட்டுக்கிட்டதால பேர் இங்க போடல. அதுக்கப்புறம் பாண்டியில ஞாயித்துக்கிழமை ஒண்ணா உக்காந்து வரையிற பசங்க சில பேர் இதே மாதிரி ஆரம்பிச்சாங்க, அவங்க பக்கத்துலயே இருந்து பார்த்தேன். கை நல்லா வர்றவங்க கூட பாதியில நிறுத்திட்டாங்க, காரணம் கையில இல்ல, வேலை செஞ்ச வரிசையில. முதல் நாளே ஓவியரோட முகத்தை வரைய உக்காந்துடறாங்க. அது இந்த வேலையில எட்டாவது படி.

தொடங்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது: ஒரு நீள நோட்டு, ஏ4 ஸ்கேனர் (கடையில போய் எடுத்தாலும் பரவாயில்ல), ஒலிப்பதிவுக்கு போன், பழைய பேப்பரை வைக்க அமிலம் இல்லாத கவர் அம்பது, அப்புறம் குறைஞ்சது ஒரு வருஷம். பேனா, இங்க், காகிதம் எதுவும் இப்ப வாங்காதீங்க, வாங்கினா வரையத் தோணும்.

1. ஆளை தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி அவர் வரைஞ்சது எவ்ளோ கிடைக்கும்னு பாருங்க

அரசியல்வாதி, பாடகர் வாழ்க்கைன்னா போட்டோ இருக்கும், பேச்சு இருக்கும். காமிக்ஸ் ஓவியருக்கு பெரும்பாலும் அது எதுவுமே இருக்காது, மேசை முன்னாடி குனிஞ்சு உக்காந்து நாப்பது வருஷம் போயிருக்கும், அவருக்கு என்ன நடந்துச்சுங்கறதுக்கு சாட்சி அவர் வரைஞ்ச பக்கம் மட்டும்தான். அம்புலிமாமாவுல விக்கிரமன் தோள்ல வேதாளம் தொங்குற படத்தை காட்டினா நம்ம அப்பா வயசுக்காரங்க எல்லாருமே சொல்லிடுவாங்க, அதை வரைஞ்ச சங்கரோட முகத்தை காட்டினா எத்தனை பேருக்கு தெரியும்? ஊருக்கே தெரிஞ்சது அவர் கை, முகம் இல்ல.

அதனால 30 வெவ்வேறு பக்கமாவது கண்ணால பார்க்க முடியுமான்னு முதல்ல சோதிச்சுடுங்க, முடியலன்னா வேற ஆளை பாருங்க. 30ங்கறது என் அனுபவக் கணக்கு. அதுக்கு கீழ போனா நீங்க கற்பனையில நிரப்ப ஆரம்பிச்சுடுவீங்க.

2. அவரோட படைப்புப் பட்டியல் போடுங்க, ஒவ்வொண்ணுக்கும் மூணு தேதி

முழு புத்தகமும் நிக்கிறது இந்த பட்டியல் மேல தான், அதனால இதுக்கு ரெண்டு மாசம் ஆனாலும் அவசரப்படாதீங்க. நோட்டுல ஒவ்வொரு படைப்புக்கும் மூணு கட்டம் போடுங்க: எப்ப வரைஞ்சாரு, எப்ப முதல்ல அச்சாச்சு, எப்ப தமிழ்ல வந்துச்சு. தமிழ் ஓவியர்னா மூணாவது கட்டத்துல மறுபதிப்பு தேதி.

எதுக்கு மூணுன்னா, இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கோங்க. முத்து காமிக்ஸ் 1972ல தொடங்கினப்ப நம்ம ஊருக்கு வந்த கதை அது, ஆனா இங்கிலாந்துல அது 1962லேயே வாராவாரம் வந்துட்டிருந்துச்சு, அதை வரைஞ்ச முக்கியமான ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ ஒரு ஸ்பெயின்காரர். ஒரு தம்பி பிளாஸ்கோ பத்தி வரைய ஆரம்பிச்சு, கையில இருந்த தமிழ் புத்தகத்து வருஷத்தையே வரைஞ்ச வருஷமா எடுத்துக்கிட்டான். பிளாஸ்கோ பொறந்தது 1919. பத்து வருஷம் தள்ளிப் போனதால நாப்பத்து சொச்ச வயசு ஆளை அம்பத்து சொச்ச வயசுல நரைச்ச தலையோட உக்கார வெச்சிருந்தான், 11 பக்கம் திரும்ப வரைய வேண்டியதாப் போச்சு.

தேதியில தான் கதையே ஒளிஞ்சிருக்கும்னு சொல்றதுக்கு இன்னொண்ணு. பீனட்ஸ்ங்கற அமெரிக்க படக்கதையை வரைஞ்ச சார்லஸ் ஷுல்ஸ் 1999 டிசம்பர் 14 அன்னைக்கு ஓய்வு அறிவிச்சாரு, தினசரி படக்கதை 2000 ஜனவரி 3 அன்னைக்கு முடிஞ்சுது, வாசகர்கள் கிட்ட விடைபெறுற கடிதத்தோட கடைசி ஞாயிறு பக்கம் பிப்ரவரி 13 பேப்பர்ல வந்துச்சு. அவர் செத்தது அதுக்கு முந்தின நாள் ராத்திரி. பேப்பரை காலையில விரிச்சவங்க கையில அந்த கடிதம் இருக்கு, எழுதினவர் இல்ல. அச்சான தேதியையும் ஆளோட தேதியையும் பக்கத்து பக்கத்துல எழுதி வெச்சா தான் இந்த மாதிரி இடம் கண்ணுல படும்.

தேட வேண்டிய இடம்: சென்னை தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா, நெட்ல தமிழ் மின்னூலகம். நம்ம பக்கத்துல கடலூர் மாவட்ட மைய நூலகம், பாண்டி ரோமன் ரோலன் நூலகம், ரெண்டு இடத்துலயும் பழைய பைண்ட் வால்யூம் இருக்கான்னு கேளுங்க, அட்டவணையில இல்லாததும் சில நேரம் உள்ள இருக்கும். பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய புத்தகம் விரிக்கிறவங்க கிட்ட பேர் சொல்லி வெச்சுட்டு வாங்க.

3. பேர் போடாத பக்கத்தை கையை வெச்சு அடையாளம் பிடிங்க

பழைய படக்கதையில பாதிக்கு மேல ஓவியர் பேர் இருக்காது. யார் சொன்னாலும் உடனே பட்டியல்ல ஏத்தாதீங்க. கையெழுத்து உறுதியா இருக்கிற பத்து பக்கத்தை எடுத்து காது, கை விரல், துணி மடிப்பு, மரத்து இலை இந்த நாலையும் தனித்தனியா வெட்டி ஒரு தாள்ல ஒட்டுங்க, சந்தேகப் பக்கத்தை அது பக்கத்துல வெச்சுப் பாருங்க. முகத்தை பார்க்கக் கூடாது. முகத்தை எல்லாரும் எடிட்டர் கேட்ட மாதிரி மாத்துவாங்க, காதை யாரும் மாத்தறதில்ல.

இதே வேலையில இன்னொண்ணும் கிடைக்கும். நிழலுக்கு கோடு கோடா இழுக்கிறாங்களே, அந்த கோடு சாயுற பக்கத்தை பாருங்க. வலது கைக்காரர் இயல்பா இழுத்தா கீழ் இடதுலேர்ந்து மேல் வலது பக்கம் சாயும், இடது கைக்காரருக்கு நேர் எதிர். எங்க பெரியவரோட கோடு எல்லாமே எதிர்ப்பக்கம் சாஞ்சிருந்துச்சு. வீட்டுல கேட்டப்ப, "ஆமாப்பா, சாப்பிடறது மட்டும்தான் சோத்தாங்கையில"ன்னு சொன்னாங்க. போட்டோ ஒண்ணுல கூட அது தெரியல, கேக்காம விட்டிருந்தா 64 பக்கமும் பேனாவை தப்பான கையில கொடுத்திருப்பேன்.

4. இப்ப வீட்டுக்குப் போங்க, ஆனா வெறுங்கையோட போகாதீங்க

பேட்டியை முதல்ல எடுக்கிறது தான் புதுசா வர்றவங்க பண்ற பெரிய தப்பு. எதுவும் தெரியாம போய் "ஐயா எப்படிப்பட்டவரு"ன்னு கேட்டா "ரொம்ப நல்லவரு, அமைதியானவரு"ன்னு தான் பதில் வரும், அதை வரைய முடியாது. பட்டியல்லேர்ந்து பத்து பக்கம் பிரிண்ட் எடுத்துட்டுப் போய் முன்னாடி வைங்க, ஒவ்வொண்ணுக்கும் இடத்தையும் பொருளையும் கேளுங்க: இதை வரைஞ்சப்ப எந்த வீடு, மேசை எந்தப் பக்கம், ஜன்னல் எங்க, விளக்கு எது, பார்சல் யார் கொண்டு போனா.

எங்க பெரியவரோட சம்சாரத்தை நான் ஆயான்னு தான் கூப்பிடுவேன். முதல் தடவை ஒரு மணி நேரம் எதுவும் நினைவில்லன்னாங்க. ஒரு காட்டுக் கதையோட பக்கத்தை எடுத்து வெச்சேன், அதுல புலிக்கு பின்னாடி ஒரு வேப்பமரம். "இது நம்ம கொல்லை மரம்பா, தானே புயல்ல சாஞ்சுதே"ன்னு எழுந்து உள்ள போய் ட்ரங்க் பொட்டியை இழுத்துட்டு வந்தாங்க. 41 ஒரிஜினல் பக்கம் அதுல இருந்துச்சு.

ஒரிஜினலை கையாளும்போது கவனிக்க வேண்டியது:

- நம்ம கடலோர ஊர்ல 2011 டிசம்பர் 30 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல்னு தண்ணி பார்க்காத பொட்டியே இல்ல. ஒட்டிக்கிட்ட பக்கத்தை பிரிக்காதீங்க, வெயில்ல வைக்காதீங்க, ஃபேன் காத்துல நிழல்ல நடுவுல உறிஞ்சு தாள் வெச்சு தானா விடறவரைக்கும் காத்திருங்க. இந்தியன் இங்க் ஈரத்துல ஓடாது, ஆனா மேல திருத்தத்துக்கு பூசின வெள்ளை போஸ்டர் கலர் கரைஞ்சுடும், அந்த வெள்ளைக்கு கீழ தான் அவர் முதல்ல என்ன வரைஞ்சாருங்கறது இருக்கு.
- பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க. எடிட்டர் குறிப்பு, அளவு, சில நேரம் சம்பளக் கணக்கு கூட இருக்கும்.
- சுத்தி வெச்ச செய்தித்தாளை தூக்கிப் போடாதீங்க, அதுல இருக்கிற தேதிக்கு முன்னாடி அந்த கட்டு கட்டப்படலன்னு தெரியும். வரைஞ்ச தேதின்னு எடுத்துக்கக் கூடாது, அவ்ளோதான்.
- வீட்டை விட்டு ஒரு தாள் வெளிய போனாலும் எண் போட்டு ரெண்டு பிரதி பட்டியல், ஒண்ணு அவங்க கிட்ட, ஒண்ணு உங்க கிட்ட.

நாலஞ்சு தடவை போங்க. ஒரே கேள்வியை ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப கேளுங்க, ரெண்டு பதிலும் ஒத்துப்போனா வரையலாம்.

5. அனுமதி, வரையிறதுக்கு முன்னாடியே

ஒருத்தர் வாழ்க்கையில நடந்த சம்பவத்தை சொல்றது வேற, அவர் வரைஞ்ச படத்தை உங்க புத்தகத்துல அச்சடிக்கிறது வேற. ரெண்டாவதுக்கு காப்புரிமை இருக்கு. 1957 சட்டப்படி ஓவியர் செத்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலேர்ந்து 60 வருஷம். சங்கர் 2020ல காலமானாருன்னா 2080 முடியிற வரைக்கும்.

குழப்பம் வர்ற இடம் உரிமை யார் கிட்டங்கறதுல. பத்திரிகையில சம்பளத்துக்கு வேலை பார்த்து வரைஞ்சிருந்தா, வேற ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் பத்திரிகையில வெளியிடற உரிமை முதலாளிக்கும் மத்த உரிமை ஓவியருக்கும்னு சட்டம் பிரிக்குது. வெளியிலேர்ந்து ஆர்டர் வாங்கி வரைஞ்சவருக்கு கணக்கு வேற. அதனால குடும்பம், பதிப்பகம் ரெண்டு பேர் கிட்டயும் எழுத்துல வாங்குங்க. வாரிசு மூணு பேர்னா மூணு கையெழுத்தும் வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு மூத்த மகன் சரின்னதும் 40 பக்கம் இங்க் பண்ணிட்டா, அப்புறம் வெளியூர்ல இருந்த மகள் முடியாதுன்னாங்க. அந்த பக்கம் இன்னும் அலமாரியில இருக்கு.

6. காலத்துக்கான சான்றுக் கோப்பு

பின்னணி தப்பு தான் ஊர்க்காரங்க கண்ணுல முதல்ல படும். பத்து பத்து வருஷமா பிரிச்சு கோப்பு போடுங்க: தெரு, வண்டி, விளக்கு, உடுப்பு, எழுத்து. நான் பார்த்த தப்புகள்ல அடிக்கடி வர்றது இதுங்க தான்.

1978க்கு முன்னாடி நடக்கிற காட்சியில கடை போர்டு, பத்திரிகை தலைப்பு, கடிதம் எல்லாத்துலயும் பழைய எழுத்து வரணும். லை, னை, ணை, ளைக்கு துதிக்கை மாதிரி வளைவு, ணா, றா, னாக்கு கால் ஒட்டிக்கிட்டு இருக்கும், மொத்தம் 13 எழுத்து அந்த வருஷ அரசாணையில மாறுச்சு. போர்டு எழுதறவங்க அதுக்கப்புறமும் கொஞ்ச வருஷம் பழசையே எழுதினாங்க, அதனால 1980 காட்சியில ரெண்டையும் கலந்து போட்டா தப்பில்ல.

தபால் கவர்ல பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் தான் அது வந்துச்சு, 1968ல எங்க பெரியவருக்கு வர்ற மணியார்டர்ல 607001 இருக்கக் கூடாது. அதே மாதிரி கடலூர் மாவட்டம்னு 1993க்கு முன்னாடி எழுதாதீங்க, அது தென்னாற்காடு மாவட்டம்.

அச்சு முறையையும் தெரிஞ்சுக்கோங்க. ஆஃப்செட் அச்சு வர்றதுக்கு முன்னாடி படக்கதை ஜிங்க் பிளாக்குல, அதாவது படத்தை துத்தநாகத் தகட்டுல எடுத்து செஞ்ச அச்சுக் கட்டையில போச்சு, கோட்டு பிளாக்குல கருப்பு இல்லன்னா வெள்ளை, நடுவுல சாம்பல் கிடையாது, அதனால தான் அந்த கால ஓவியருங்க நிழலை கோடாவும் புள்ளியாவும் போட்டாங்க. இது தெரியாம அவர் மேசையில வாட்டர்கலரை தண்ணியில கரைச்சு சாம்பல் நிழல் பூசற (வாஷ்) மாதிரி வரைஞ்சா தொழில் தெரிஞ்சவங்க உடனே மூடி வெச்சுடுவாங்க.

7. கதையை பக்கக் கணக்குல உடைங்க

பொறப்புலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. பட்டியல்லேர்ந்து ஆறு படைப்பை எடுங்க, ஒவ்வொண்ணும் அவர் வாழ்க்கையில ஒரு திருப்பத்துக்கு பக்கத்துல இருக்கணும், அந்த ஆறும் தான் உங்க அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயமும் அவரோட ஒரு படத்துல தொடங்கி, அதை வரைஞ்ச மேசைக்கு பின்வாங்கி, அங்கேர்ந்து வீட்டுக்குப் போகட்டும். எங்க புத்தகத்துல வேப்பமரம் இருக்கிற புலிப் பக்கம் மூணாவது அத்தியாயத்தோட தொடக்கம், அந்த மரம் சாயுறது கடைசி அத்தியாயம்.

பக்க எண்ணிக்கையை இப்பவே பூட்டுங்க. பிரஸ்ல ஒரு ஃபாரம்னா 16 பக்கம், நாலு ஃபாரம் 64, தலைப்பு, நன்றி, குறிப்புக்கு 8 போனா கதைக்கு 56. பக்கத்துக்கு 5 பேனல் (படக்கட்டம்)னா 280 பேனல். ஒரு பக்கம் பென்சிலும் இங்க்கும் சேர்ந்து ரெண்டு நாள்னு வெச்சாலும் 112 நாள், வேலைக்குப் போயிட்டு வரையிறவங்களுக்கு அது ஒரு வருஷத்துக்கு கிட்ட. இந்த கணக்கை பார்த்துட்டு 150 பக்கக் கனவை சுருக்கிக்கறது நல்லது.

வரையிறதை மட்டும் காட்ட பக்கம் ஒதுக்குங்க. பேச்சே இல்லாம, பேனாவை தொட்டு, உதறி, கோடு இழுத்து, ஊதி காய வைக்கிற ஒரு முழுப் பக்கம் அத்தியாயத்துக்கு ஒண்ணாவது வேணும். அவர் வாழ்நாள்ல முக்கால்வாசி அதுலதான் போச்சு.

8. முகத்தாள்

இப்ப தான் முகம். அவர் முகம் எப்படி இருக்கணும்னு பார்த்துக்க, வாழ்க்கையில அஞ்சு வெவ்வேறு வயசுக்கு அஞ்சு மாதிரித் தாள் போடுங்க, எல்லாத்துலயும் மாறாம ரெண்டு அடையாளம் வைங்க, காது வடிவம், புருவம் மாதிரி. மூக்குக் கண்ணாடியை மட்டும் நம்பாதீங்க, கழட்டின காட்சியில ஆளே காணாம போயிடுவாரு. கையையும் பேனா பிடிக்கிற விதத்தோட நாலு கோணத்துல வரைஞ்சு வைங்க, முகத்தை விட கை தான் அதிக பேனல்ல வரும்.

அவர் பாணியில வரையாதீங்க, இதுல நான் ரொம்ப பிடிவாதமா இருக்கேன். உங்க கோடு உங்க கோடாவே இருக்கட்டும், அவர் படம் வர்ற இடத்துல ஒரிஜினலோட ஸ்கேனை வைங்க. நீங்களே அவர் மாதிரி வரைஞ்சு வெச்சா பத்து வருஷம் கழிச்சு யாரோ அதை அவர் படம்னு எடுத்து போடுவாங்க, அவர் பட்டியல் கெட்டுப்போகும். கிடைக்காத படம்னா அந்த கட்டத்தை வெறுமையா விட்டு மேசை மேல முதுகு மட்டும் காட்டுங்க.

9. தம்ப்நெயில், கூடவே எழுத்து

சின்ன கட்டத்துல 56 பக்கத்தையும் முதல்ல முடிங்க, ஒரு பக்கத்தையும் பெருசா தொடாம. அந்த சின்ன கட்டத்துலேயே வசனத்தை எழுதி பபிள் போடுங்க. தமிழ் வார்த்தை நீளம், "சொல்லிக்கிட்டிருந்தாரு"ன்னு ஒரு வார்த்தையே ஒரு வரியை சாப்பிட்டுடும், படம் முடிச்சுட்டு பபிள் வைக்கப் போனா முகத்து மேல தான் இடம் இருக்கும். ஒரு பபிளுக்கு 20 வார்த்தைக்கு மேல போனா ரெண்டா உடைச்சுடறேன்.

கையால எழுதினா ரொம்ப நல்லது. கம்ப்யூட்டர்ல போட்டா யூனிகோட் எழுத்துரு, பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல வேர்ல்டு ரெடி கம்போசர்ங்கற அமைப்பை ஆன் பண்ணாம விட்டா கொம்பும் காலும் பிரிஞ்சு நிக்கும். கொக்கு, நௌகா, ஸ்ரீ, பூ, டூன்னு அடிச்சு பிரிண்ட் எடுத்து சரி பார்த்துட்டு ஆரம்பிங்க. வரி இடைவெளி கொஞ்சம் தாராளமா விடுங்க, மேல் வரியோட ஊகாரச் சுழி கீழ் வரியோட ஈகாரத்துல இடிக்கும். புள்ளி வெச்ச எழுத்துல எந்த வரியும் தொடங்கக் கூடாது.

10. பென்சில் முடிஞ்சதும் நிறுத்துங்க, குடும்பத்துக்கு காட்டுங்க

பென்சில்ல 56 பக்கமும் முடிச்சுட்டு ஜெராக்ஸ் எடுத்து கொண்டு போய் உக்காந்து வாசிச்சுக் காட்டுங்க. இங்க் பண்ணினதுக்கு அப்புறம் காட்டினா அவங்களும் சங்கடப்பட்டு தப்பை சொல்ல மாட்டாங்க, உங்களுக்கும் மாத்த மனசு வராது.

நான் வாசிச்சப்ப ஆயா ஒரே ஒரு இடத்துல கையை வெச்சாங்க. பணம் வராத மாசம் அவர் கோவப்பட்டு பேனாவை வீசற மாதிரி ஒரு பேனல், யாரோ சொன்ன செவிவழி. "வீசல தம்பி. மூடியை போட்டு பையில வெச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு, ராத்திரி பத்து மணிக்கு தான் வந்தாரு." அதை அப்படியே மாத்தி வரைஞ்சேன், வீசினதை விட இது பல மடங்கு கனமா இருந்துச்சு.

குடும்பம் மறைக்கச் சொல்ற விஷயம் வந்தா ரெண்டு வகையா பாருங்க. உயிரோட இருக்கிறவங்களை காயப்படுத்தும்னா விடுங்க. அவரோட தொழில் வாழ்க்கையை புரிஞ்சுக்க அது இல்லாம முடியாதுன்னா உக்காந்து பேசுங்க, பேசாம திணிக்காதீங்க. நீங்களா எழுதின வசனம் எது, சாட்சி சொன்னது எதுன்னு கடைசி குறிப்புப் பக்கத்துல பிரிச்சு போடுங்க.

11. இங்க், ஸ்கேன், பிரஸ்

ஏ3 தாள்ல வரைஞ்சு 70 சதவீதத்துக்கு சுருக்கினா ஏ4 வரும், சின்ன நடுக்கம் மறையும், ஆனா மயிரிழைக் கோடு காணாம போகும், அதனால ஒரு பக்கம் சுருக்கி பிரிண்ட் பார்த்துட்டு மீதியை இங்க் பண்ணுங்க. முதல் அத்தியாயத்தை முதல்ல இங்க் பண்ணாதீங்க. நடுவுலேர்ந்து தொடங்குங்க, கை பழகின பிறகு முதல் பக்கத்துக்கு வாங்க, கடையில புரட்டறவங்க பார்க்கிறது அதைத்தான்.

கோட்டுப் படம் 600 டிபிஐ, அவரோட பழைய ஒரிஜினல் கலர்ல 300. பழுப்பேறின தாளை வெள்ளையாக்காதீங்க, உங்க படத்தையும் அவர் படத்தையும் வாசகர் பிரிச்சுப் பார்க்க அந்த பழுப்பு தான் உதவும். சுத்தி 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டறதுக்காக படத்தை பக்கத்துக்கு வெளிய நீட்டி விடறது), எழுத்து ஓரத்துலேர்ந்து 1 சென்டிமீட்டர் உள்ள. 64 பக்கம் சென்டர் பின்னுக்கு தாங்கும், மேல போனா முதுகுல பசை போட்டு ஒட்டற பெர்ஃபெக்ட் பைண்டிங், அப்ப நடு மடிப்புல பபிள் வராம பாருங்க. எழுத்தை அவுட்லைன் ஆக்காம, அதாவது எழுத்துரு இல்லாமலே வர்ற கோட்டுப் படமா மாத்தாம ஃபைல் அனுப்பாதீங்க. திரையில பார்த்து ஓகே சொல்லாதீங்க, அச்சடிக்கப் போற அதே காகிதத்துல ஒரு ஃபாரம் ப்ரூஃப் (சோதனைப் பிரதி) கேளுங்க.

12. ஒரிஜினலை திருப்பிக் கொடுக்கிறது

புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே இதை முடிங்க. வெளியீட்டு பரபரப்புல மாசக்கணக்குல தள்ளிப்போகும், அதுக்குள்ள மழை வந்துடும். கவர்ல போட்டு, எண் வரிசையா அடுக்கி, நாலாவது படியில போட்ட ரெண்டு பட்டியலையும் பக்கத்துல வெச்சு அவங்க முன்னாடியே எண்ணுங்க. ஸ்கேன் எல்லாத்தையும் பென்டிரைவ்ல ஒரு பிரதி கொடுங்க. பொட்டியை தரையில வைக்காம பரண்ல ஏத்தி வெச்சுட்டு, ரெண்டு பட்டியல்லயும் கையெழுத்து வாங்கிட்டு கிளம்புங்க.